யாருக்கு மனு

கதவச் சாத்திட்டாங்க தம்பி. தட்டாதீங்க, தட்டுனாலும் தெறக்க மாட்டாங்க. நாடகம் ஆரம்பிச்சுட்டா கலெக்டரே வந்தாலும் வெளியதான் நிக்கணும். நடுவுல ஒருக்கா தெறப்பாங்க, அப்ப போயி உக்காந்துக்கலாம். நல்ல பழக்கம்தான், நான் குத்தம் சொல்லல. அந்தக் காலத்துலயும் இந்தக் கதவு அப்படித்தான். சாத்துனா சாத்துனதுதான். நாந்தான சாத்துவேன்!

இப்படி உக்காருங்க. கல்லு சுடாது, வெயிலு எறங்கிருச்சு. உங்களுக்கு எந்த ஊரு? அப்படியா. இந்த ஊருக்குக் கெழக்க, கம்மாய் தாண்டி இருக்குற பட்டிகள்ல சொந்தம் யாரும் உண்டா? இல்லையா. சரி, சரி. சும்மாதான் கேட்டேன். வர்ற எல்லாருகிட்டயும் கேக்குறதுதான்.

இது என்ன கட்டடம்னு தெரிஞ்சுதான வந்தீங்க? போர்டுல கலைக்கூடம்னு அழகா எழுதிட்டாங்க. சப்-ஜெயிலு தம்பி இது. வெள்ளக்காரன் கட்டுனது. நான் இங்க வார்டரு. வார்டர் சோலைராசுன்னு கடைத்தெருவுல கேட்டுப் பாருங்க, வயசானவங்க எந்திரிச்சு நிப்பாங்க. இப்ப நிப்பாங்களோ என்னமோ. அது வேற கதை.

பைபாஸ்ல புது ஜெயிலக் கட்டி கைதிகள அங்கிட்டுக் கொண்டுபோனதும் இத அப்படியே போட்டுட்டாங்க. மணல் கேஸுல புடிச்ச மாட்டுவண்டி, சாராயக் கேஸுல புடிச்ச பைக்கு, எல்லாத்தையும் கொண்டாந்து முத்தத்துல தள்ளி, அது துருப்புடிச்சு, செவுத்துல அரசஞ்செடி மொளைச்சு, பாக்கவே கண்றாவியா இருக்கும். இடிச்சுட்டு கடைக கட்டப் போறாங்கன்னு ஊருல பேச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. சோறு போட்ட எடமுல்ல?

அப்பத்தான் எம்மக வந்தா. வாசுகி. மதுரைல பள்ளிக்கூட டீச்சரு. லீவு விட்டா நாடகம், நாடகம்னு கெளம்பிருவா. அவளும் அவ கூட்டாளிகளும், ஷெரின்னு ஒரு பொண்ணு, பழைய கட்டடத்தப் பழுது பாக்குறதுக்குன்னே தனியாப் படிச்சதாம், எல்லாரும் சேந்து ஆபீஸ் ஆபீஸா நடையா நடந்து இத வாங்கிட்டாங்க. இடிக்கக் கூடாது, ஊருக்குப் பொதுவா ஆடவும் பாடவும் ஒரு எடமா இருக்கட்டும்னு. இப்ப உள்ள போனா நீங்களே பாப்பீங்க. ஆம்பளைக் கொட்டடில பசங்களுக்குப் பறை சொல்லித் தர்றாங்க. பொம்பளைக் கொட்டடில சின்னதுக படம் வரையுதுக. காவக்காரங்க தூங்குன அறையில புத்தகம் அடுக்கியிருக்கு. செவுத்துல சிமெண்டப் பூசக் கூடாதுன்னு சுண்ணாம்புதான் பூசுனாங்க. கம்பிய மட்டும் எடுக்கல. ஷெரின் எடுத்துறலாம்னுதான் சொன்னுச்சு. எம்மகதான், "கம்பி இருக்கட்டும். இது என்ன எடமா இருந்துச்சுன்னு யாரும் மறந்துறக் கூடாது"ன்னா. கேட்டு எனக்கு எம்புட்டுப் பெருமை! அப்பன் வேல பாத்த எடத்த மதிக்கிறாளேன்னு.

அதுக்கு முன்னால அவ வீட்டுக்கு வர்றதெல்லாம் அவங்க அம்மா தெவசத்துக்குத்தான் தம்பி. அன்னகாமு போயி வருசம் ஆச்சு. இவ வருவா, கும்புடுவா, சாப்புடுவா, பஸ் ஏறிருவா. "நல்லா இருக்கீங்களாப்பா?" "வர்றேம்ப்பா." அம்புட்டுத்தான் பேச்சு. ஒத்தப் பிள்ளை. அதட்டி வளத்த பிள்ளைக்கு மரியாதை இருக்கும், வாய் இருக்காதுன்னு நான் என்னையே சமாதானம் பண்ணிக்கிருவேன்.

இந்த வேலை ஆரம்பிச்ச கோடையில ஒரு மத்தியானம் அவளும் ஷெரினும் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க. "ஐயா, இந்தக் கட்டடத்துல இருந்தவங்க கதையெல்லாம் சேக்குறோம். மொத நாடகமே ஜெயிலப் பத்தித்தான். நீங்க சொல்லணும்"னு அந்தப் பொண்ணு கேக்குது. எம்மக செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்து, தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டா.

அந்தக் கோடைதான் தம்பி நான் மனுசனா இருந்த காலம். தெனமும் வருவா. நான் பேசுவேன், அவ செல்போன நடுவுல வச்சுட்டு என் வாயவே பாத்துக்கிட்டு இருப்பா. நானே டீ போட்டுக் குடுத்தேன். அவ டீக்குச் சீனியே போட்டுக்கிற மாட்டாங்குறது எனக்கு அப்பத்தான் தெரியும். பொறந்ததுலருந்து கூட இருந்தவன், அப்பத்தான் தெரியும். மக திரும்பி வந்துட்டான்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.

மனுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? ஜெயிலு பாசையில, உள்ள இருக்கவன அவன் வீட்டாளுக வந்து பாக்குறதுக்குப் பேரு மனு. "உனக்கு மனு வந்திருக்குடா"ன்னா, ஒன்னையப் பாக்க ஆளு வந்திருக்குன்னு அர்த்தம். ரெண்டு கம்பி வலை இருக்கும், நடுவுல ஒரு ஆளு போற சந்து. அங்கிட்டுக் கைதி, இங்கிட்டுப் பொண்டாட்டி பிள்ளைக. சந்துல நானு.

ஒண்ணு சொல்லிர்றேன். நான் ஒருத்தன் மேல கை வச்சவன் இல்ல. கூட வேல பாத்தவங்க எதுக்கெடுத்தாலும் லத்தியத் தூக்குவாங்க. எனக்கு அது ஆகாது. அடிச்சாத் திருந்துவானா? உடம்புல பட்டது ஆறிரும். மனசுல ஒறைக்கணும். அதுக்கு நான் ஒரு வழக்கம் வச்சிருந்தேன். மனுவுக்கு வர்றவன் வலைகிட்ட நின்னு, என்ன செஞ்சுட்டு உள்ள வந்தானோ அத வாயத் தெறந்து சொல்லணும். சத்தமா. அங்கிட்டு இருக்கவங்களுக்குக் கேக்கணும். "நான் சங்கிலி அறுத்தவன்." "நான் மோட்டார் திருடுனவன்." பேரச் சொல்லக் கூடாது. பேரெல்லாம் வெளிய இருக்கவனுக்கு. அதச் சொன்னதுக்கப்பறம் பேசிக்கலாம், நான் நடுவுல வர மாட்டேன். நேரம் முடிஞ்சாக்கூட சித்த விட்டுப் புடிப்பேன். அம்புட்டு நல்லவன்.

சிலவன் அழுதுக்கிட்டே சொல்லுவான். சிலவன் வெரசா முணுமுணுப்பான், "கேக்கல, மறுபடி"ம்பேன். ஒருத்தன் பிள்ளை, "எங்கப்பா என்ன சொல்லுது?"ன்னு அவங்க அம்மாகிட்ட கேட்டுக்கிட்டே நின்னுச்சு. நான் இதையெல்லாம் நடிச்சே காட்டுவேன். ஷெரின் மொதல்ல சிரிச்சுச்சு, பொறகு தண்ணி வேணும்னு எந்திரிச்சுப் போயிருச்சு. எம்மக அசையல. "பொறகு?"ன்னு கேட்டா.

பொறகு அந்த ஆளு கதையச் சொன்னேன்.

ஆடு திருடுன கேஸுல ஒருத்தன் வந்தான். ஒல்லியா, நெட்டையா. கெழக்க ஏதோ ஒரு பட்டி. கலியாணம் பண்ணி ஒரு வருசம்கூட இருக்காது, உள்ள வந்துட்டான். இங்க இருக்கும்போதுதான் அவனுக்குப் பிள்ளை பொறந்துச்சு. அந்தப் பொண்ணு பச்ச ஒடம்போட, துணியில சுத்தின பிள்ளையத் தூக்கிட்டு வந்து நிக்குது. நான் வழக்கம்போல, "யாருக்கு மனு?"ன்னேன். அதுக்குப் புருசன் பேரச் சொல்ல வாய் வரல. அந்தப் பக்கத்துப் பொம்பளைக சொல்ல மாட்டாங்கள்ல. பிள்ளைய இப்படித் தூக்கிக் காட்டி, "இவுக அப்பாருக்கு"ன்னுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. உள்ள திரும்பி, "ஏய் ஆட்டுத் திருடா, ஒனக்கு மனு!"ன்னு சத்தம் குடுத்தேன்.

வந்தான். வலைகிட்ட வந்து நின்னான். சொல்லுடான்னா, "நான் திருடல சார்"ங்குறான். "அத கோர்ட்டுல சொல்லு, இங்க சொல்ல வேண்டியதச் சொல்லு"ன்னேன். வாயத் தெறக்கல. அப்ப போன்னு திருப்பி அனுப்பிட்டேன். அடுத்த வாரமும் அந்தப் பொண்ணு வந்துச்சு, இவன் சொல்லல. அதுக்கடுத்த வாரமும் அப்படித்தான். பிள்ளை முழிச்சுப் பாக்க ஆரம்பிச்சுருச்சு, இவன் சொல்லல. என்ன திமிரு பாருங்க! ஒரு வார்த்தை. சொன்னா முடிஞ்சுச்சு.

ஒரு நாளு சொன்னான் தம்பி. அந்தப் பொண்ணு வாசல்ல உக்காந்து பால் குடுத்துக்கிட்டு இருந்துச்சு. பிள்ளைக்குக் காய்ச்சல், அனத்திக்கிட்டே இருக்கு. அந்தச் சத்தம் உள்ள வரைக்கும் கேட்டுச்சு. இவன் தானா எந்திரிச்சு வலைகிட்ட வந்தான். "நான் ஆட்டுத் திருடன்"ன்னான். நல்லா சத்தமாத்தான் சொன்னான். சொன்னவன் தலையத் தூக்கலங்க. அந்தப் பொண்ணு பிள்ளைய வலையோட வச்சு, "இங்க பாருங்க, இங்க பாருங்க"ங்குது. இவன் தரையப் பாத்துக்கிட்டே நின்னான். அப்படியே திரும்பிப் போயிட்டான். பிள்ளையப் பாக்கவே இல்ல. அதுக்கு எதுக்குடா சொன்ன, கூறு கெட்ட பயலே! நானும் ஃபிலிப்பும் அத சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஃபிலிப்பு என்கூட வேல பாத்தவன், செத்துட்டான். அதுக்கப்பறம் அந்தப் பொண்ணு மனுவுக்கு வரல. கேஸும் நிக்கல. ஆட்ட வேற எவனோ கொண்டுபோயிருக்கான். சரி போடான்னு விட்டுட்டாங்க.

"இத இன்னொருக்கா சொல்லுங்கப்பா"ன்னா எம்மக. ஒரு எழுத்து விடாம மறுபடி சொன்னேன். எம்மக கேட்டு ஒரு கதைய ரெண்டாந்தரம் சொல்றேன்! எனக்குச் சந்தோசம் தாங்கல.

வீட்டுலயும் நான் அப்படித்தான் தம்பி, கை வச்சதில்ல. ஒரே ஒரு தடவ இவளுக்கு ஒறைக்கிற மாதிரி செய்ய வேண்டி வந்துச்சு. ட்யூசனுக்குப் போறேன்னு சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டுல வீதி நாடகம் பாத்துக்கிட்டு நின்னுருக்கா. எட்டாவதோ ஒம்பதாவதோ படிக்கிறா. வார்டர் லைன்ல எல்லா வீடும் ஒட்டி ஒட்டி இருக்கும். வாசப்படியில நிறுத்தி, "நான் பொய் சொன்னவ"ன்னு சொல்லுன்னேன். சாயங்காலம், எல்லா வீட்டுப் பொம்பளைகளும் வெளியதான் உக்காந்திருப்பாங்க. அன்னகாமு வந்து என் காலப் புடிச்சா. நான் விடலையே. கடைசி வீட்டுக்குக் கேக்குற வரைக்கும் சொல்ல வச்சேன். அன்னைக்குத் திருந்துனவதான். அதுக்கப்பறம் எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. பேசுறதையே கொறச்சுக்கிட்டா, அது வேற.

சரி, நாடகத்துக்கு வர்றேன். தெறப்பு விழான்னு கார்டு அடிச்சாங்க. நான் ஒரு கட்டு வாங்கிட்டு வந்து, நாலு மூலையிலயும் மஞ்சத் தடவி, சொந்தக்காரங்க வீடு வீடாப் போயி வச்சேன். சிரிக்காதீங்க. எம்மகளுக்குக் கலியாணம் நடக்கல, அவ வேண்டாம்னுட்டா. அவளுக்குன்னு நான் எப்ப மஞ்சத் தடவுறது? "எம்மக என் கதையத்தான் நாடகமாப் போடுறா, குடும்பத்தோட வந்துருங்க"ன்னு சொல்லி வச்சேன். எனக்குப் பொன்னாடை போத்துவாங்கன்னு நெனச்சு வேட்டி சட்டை புதுசு எடுத்தேன். மொத வரிசையில உக்காந்தேன். பக்கத்துல என் மச்சினன், அவன் பொண்டாட்டி, பேரம்பேத்திக.

மனு ரூமுதான் மேடை. வெளக்கப் போட்டாங்க. காக்கி போட்டுக்கிட்டு சாவிக்கொத்த தொடையில தட்டிக்கிட்டே ஒரு ஆளு வர்றான். எம்மகதான்! நடை என் நடை. தொண்டையச் செருமுறது என் செருமல். மச்சினன் என் தொடையில தட்டி, "மச்சான், அப்படியே நீங்கதான்!"ங்குறான். எல்லாரும் சிரிக்கிறாங்க. நானும் சிரிச்சேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. அப்பனப் போட்டு இப்படி உரிச்சு வச்சிருக்காளேன்னு.

பொறகு மனு காட்சி. ஒவ்வொருத்தனா வந்து சொல்றாங்க. "நான் சங்கிலி அறுத்தவன்." மொதல்ல ரெண்டு பேரு சிரிச்சாங்க. பொறகு யாரும் சிரிக்கல. எனக்குப் புரியல, நான் சொன்ன அதே மாதிரிதான் பண்றா, ஏன் சிரிக்க மாட்டேங்குறாங்கன்னு சுத்திச் சுத்திப் பாக்குறேன். அந்தப் பொண்ணு பிள்ளையோட வந்துச்சு. அவன் வந்தான். சொன்னான். தலையத் தூக்காமத் திரும்பிப் போனான். சனம் தேம்புது. மச்சினன் பொண்டாட்டி முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அழுகுது. என்னையத் திரும்பிப் பாத்துச்சு தம்பி. நான் என்னமோ பாம்பு மாதிரி, பிள்ளைகள இழுத்து அங்கிட்டு வச்சுக்கிருச்சு.

கடைசியில எம்மக தொப்பியக் கழட்டி வச்சுட்டு, படியில ஏறி நின்னு, கைய ரெண்டையும் கட்டிக்கிட்டு, "நான் பொய் சொன்னவ"ங்குறா. வசனத்தத் தப்பா சொல்லிட்டா பாவம், அதெல்லாம் கைதி சொல்றதாச்சேன்னு நெனச்சேன். திருப்பித் திருப்பி அதையே சொல்றா. சத்தத்தக் கூட்டிக்கிட்டே போறா. எனக்கு வேர்த்துருச்சு. புழுக்கம். அந்த ரூமுல காத்தே வராது, எப்பயும் அப்படித்தான்.

வெளக்கப் போட்டப்ப என் வரிசையில யாரும் இல்ல. சொல்லிக்காமயே போயிட்டாங்க. பொன்னாடையும் இல்ல ஒண்ணும் இல்ல.

அவ வெளிய வந்தா, காக்கியோட. "இம்புட்டுப் பேரு முன்னால என்னைய இப்படி நிறுத்திட்டியேம்மா"ன்னேன். அதுக்கு அவ கோவப்படல தம்பி. கோவப்பட்டிருந்தாக்கூடத் தேவல. "நீங்க சொன்னதுல ஒரு வார்த்தை நான் கூடச் சேக்கலப்பா"ன்னா. நெசந்தான், சேக்கல. பொறகு கேட்டா, "அவரு பேரு என்னப்பா?"

"யாரு பேரு?"

"பிள்ளையப் பாக்காமப் போனாருல்ல. அவரு பேரு."

நான் கெடந்த ஆத்திரத்துல, "களவாணிப்பயலுக்குப் பேரென்ன வேண்டிக் கெடக்கு"ன்னேன்.

அன்னகாமு சாகும்போது என்னையப் பாத்தாளே, அதே மாதிரி பாத்தா. "ஞாபகம் வந்தா வாங்கப்பா. அதுவரைக்கும் வராதீங்க"ன்னுட்டு உள்ள போயிட்டா.

அதுலருந்து இங்கதான் தம்பி உக்காந்திருக்கேன், நாடகம் நடக்குற நாளெல்லாம். ஒரு பேரு. அதக் கொண்டுபோயிட்டா எம்மக பேசிருவா. அவ வாக்கு மாற மாட்டா, என் ரத்தமுல்ல? பழைய ரிஜிஸ்டரெல்லாம் செல்லரிச்சு எப்பயோ அள்ளிக் கொட்டிட்டாங்க. கெழக்க பட்டி பட்டியாப் போயிக் கேட்டேன். "ஆடு திருடி ஜெயிலுக்குப் போனவன் வீடு எது?"ன்னு கேட்டா எவன் சொல்லுவான்? நாயத்தான் அவுத்து விடுறாங்க. வேற எப்படிக் கேக்குறதுன்னு எனக்குத் தெரியல. அந்தப் பொண்ணு அன்னைக்குப் பேரச் சொல்லியிருந்தா எனக்கு இந்தப் பாடு உண்டா? சொல்லுங்க. பேரச் சொல்லாதது அது, தண்டனை எனக்கு. ஏதாச்சும் ஒரு பேர வாயில வந்ததச் சொல்லிருவமான்னுகூட நெனச்சேன். அவகிட்டப் பொய் சொல்ல எனக்கு வாய் வரல.

இப்ப நாடகத்துல அந்த எடத்த மாத்திட்டாளாம். ஷெரின்தான் சொன்னுச்சு. அந்தப் பொண்ணு, "இவுக அப்பாருக்கு"ன்னதும், எம்மக உள்ள திரும்பி அவன் பேரச் சொல்லிக் கூப்புட வாயத் தெறக்குறா. "ஆட்டுத் திருடா"ன்னு இப்ப கூப்புடுறதில்ல. வாயத் தெறந்தபடி நிக்கிறா. அம்புட்டுத்தான். கூப்புட மாட்டா, நகர மாட்டா. சனம் மூச்ச விடாம உக்காந்திருக்குமாம். எம்புட்டுப் பெரிய நடிப்புன்னு பேப்பர்காரன் எழுதியிருக்கான்.

இருங்க. கேக்குதா? சாவிச் சத்தம். அவதான். "யாருக்கு மனு?" அவ குரலு. கேட்டீங்களா, அப்படியே என் குரலு.

நின்னுருச்சு.

பாருங்க, ஒரு சத்தமும் இல்ல. இப்பத்தான் வாயத் தெறந்துக்கிட்டு நிக்கிறா தம்பி. உள்ள இருக்கவங்களுக்கு அது நாடகம். எனக்குத் தெரியும், அவ எனக்காகத்தான் நிக்கிறா. அப்பன் ஒரு பேரோட வந்துர மாட்டானான்னு கதவப் பாத்துக்கிட்டு நிக்கிறா. ஒவ்வொரு தடவையும் நிக்கிறா. கால் வலிக்கும்ல அவளுக்கு.

எனக்கு வர மாட்டேங்குதே. அவன் பேரு போகட்டும். அம்புட்டுப் பேரு இந்தக் கதவுக்குள்ள வந்து போனாங்களே தம்பி, ஒருத்தன் பேருகூட வர மாட்டேங்குதே.